தண்ணீர் இறங்கினால் ஊர் தெரியும்

மேட்டூர் அணையின் நீர்மட்டம் இன்று இத்தனை அடி என்று வானொலியிலும் செய்தித்தாளிலும் தினமும் ஓர் எண் வருகிறது. குறுவைக்குத் தண்ணீர் கிடைக்குமா என்று தெரிந்துகொள்ள தஞ்சாவூர்ப் பக்கத்து உழவர்கள் அந்த எண்ணைப் பார்க்கிறார்கள். கொளத்தூரை அடுத்த பண்ணவாடியில் பரிசல் ஓட்டுகிறவர்களுக்கு அதே எண் இன்னொரு சேதியும் சொல்லும். நீர்மட்டம் ஏறத்தாழ 80 அடிக்குக் கீழே வந்தால், தண்ணீருக்கு நடுவே ஒரு பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரம் தெரியத் தொடங்கும். 70 அடியை ஒட்டி வந்தால், ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியின் தலை வெளியே வரும். இன்னும் இறங்கினால் நந்தி முழுதாகத் தெரியும். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து மக்கள் பார்க்க வருவார்கள். சிலர் மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டும் போவார்கள்.

அணைக்குள் கோயில் எப்படி வந்தது? தொண்ணூறு ஆண்டுகளாகத் தண்ணீருக்குள் கிடந்தும் அது ஏன் கரைந்து போகவில்லை? பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய வீடுகள் எல்லாம் எங்கே? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால் வேதியியல், இயற்பியல், நில அறிவியல், வரலாறு நான்கும் ஒரே இடத்தில் வந்து சேரும்.

அணைக்கு முந்தைய ஆறு

குடகில் பிறந்து வரும் காவிரி, ஒகேனக்கல் அருவியைத் தாண்டி, மலைகளுக்கு நடுவே தெற்கு நோக்கி இறங்குகிறது. சீதாமலைக்கும் பாலமலைக்கும் இடையே ஆற்றின் வழி குறுகுகிறது. அணை கட்ட ஏற்ற இடம் அது. 1925-ல் வேலை தொடங்கி 1934-ல் முடிந்தது. கர்னல் டபிள்யூ. எம். எல்லிஸ் என்ற பொறியாளர் அணையை வடிவமைத்தார். 1934 ஆகஸ்ட் 21 அன்று அணை திறக்கப்பட்டது. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டான்லி. அதனால்தான் இன்றும் இதற்கு ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயர்.

அணைக்கு மேலே ஆற்றின் இரு கரைகளிலும் ஊர்கள் இருந்தன. நாயம்பாடி, சாம்பள்ளி என்ற ஊர்களின் பெயரை மேட்டூரில் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். தண்ணீர் தேங்கப் போகும் பள்ளத்தில் இருந்ததால் அந்த மக்கள் வீடு, வயல், கிணறு எல்லாவற்றையும் விட்டு மேட்டு நிலங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். டெல்டாவில் லட்சக்கணக்கான ஏக்கருக்குப் பாசனம் கிடைத்தது. அதற்காக இவர்கள் தங்கள் ஊரையே கொடுத்தார்கள். டெல்டாவில் விளைந்த சோற்றைச் சாப்பிடும் நாம் அதை மறக்கக் கூடாது.

60 அடி என்றால் பாதி அணையா?

இங்கே ஒரு சின்னக் கணக்கு. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அப்போது உள்ளே இருக்கும் தண்ணீர் 93.47 டிஎம்சி. ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி. அப்படியானால் 60 அடியில் அதில் பாதி, அதாவது கிட்டத்தட்ட 47 டிஎம்சி இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. சுமார் 25 டிஎம்சிதான் இருக்கும்.

காரணம் பள்ளத்தாக்கின் வடிவம். அடியில் ஆறு ஓடிய பாதை குறுகல். மேலே போகப் போக, புனலின் வாய் விரிவதுபோல், இரு பக்கமும் நிலம் அகலமாக விரிகிறது. அதனால் மேல் அடி ஒவ்வொன்றிலும் கீழ் அடியைவிட அதிகத் தண்ணீர் கொள்ளும். நிரம்பிய நாளில் நீர்ப்பரப்பு சுமார் 150 சதுர கிலோமீட்டர்.

நீர்மட்டம் ஏறும் வேகமும் வியப்பானது. 2024 ஜூன் மாதம் அணையில் இருந்தது நாற்பது அடியை ஒட்டிய தண்ணீர்தான். வழக்கமாக ஜூன் 12-ல் பாசனத்துக்குத் திறக்கும் அணையை அந்த ஆண்டு அன்று திறக்க முடியவில்லை. கர்நாடகத்தில் பெய்த பெருமழையால் ஜூலை 30-ஆம் தேதியே 120 அடி நிரம்பி, பதினாறு கண் மதகு வழியாக உபரி நீர் பாய்ந்தது. சில வாரங்களுக்கு முன் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த நந்தி, கிட்டத்தட்ட 50 அடி ஆழத்துக்குள் போய்விட்டது.

50 அடி ஆழம் என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் சுமார் ஒன்றரை கிலோ எடைக்குச் சமமான அழுத்தம். அது நந்தியை ஏன் நசுக்கவில்லை? தண்ணீர் மேலிருந்து மட்டும் அழுத்துவதில்லை. பக்கவாட்டிலும் எல்லாத் திசைகளிலும் சேர்ந்தே அழுத்துகிறது. கல்லிலும் காரையிலும் உள்ள நுண்ணிய துளைகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்து உள்ளிருந்தும் அழுத்துகிறது. இரு பக்கமும் சமமாகிவிடுவதால் அழுத்தம் மட்டும் அதை உடைப்பதில்லை.

எது கரைந்தது, எது நின்றது?

அந்தக் காலத்துக் கிராமத்தில் என்னென்ன கட்டடங்கள் இருந்திருக்கும்? மண் சுவர் வைத்துக் கூரை வேய்ந்த வீடுகள், செங்கல் சுவரும் ஓடும் கொண்ட வீடுகள், கல்லால் கட்டிய கோயில்கள், கல் வைத்த கிணறுகள். தண்ணீர் வந்தபோது இவை எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

முதலில் போவது மண் சுவர். களிமண் காய்ந்தால் கெட்டியாகத்தான் இருக்கும். ஆனால் அதன் துகள்களைப் பிடித்து வைப்பது மிகவும் பலவீனமான ஈர்ப்பு. தண்ணீர் உள்ளே புகுந்ததும் துகள்கள் விலகுகின்றன. உள்ளே அடைபட்ட காற்று வெளியே வர முட்டி மோதும்போது சுவர் பொலபொலவென உதிர்கிறது. சில நாட்களில் சுவர் இருந்த இடத்தில் ஒரு மண் மேடுதான் மிஞ்சும்.

செங்கல்லும் அதே களிமண்தான். ஆனால் அது சூளையில் வெந்தது. அந்தச் சூட்டில் களிமண்ணின் உள்ளமைப்பே மாறிவிடுகிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடுகின்றன. அதன்பின் எத்தனை ஆண்டு ஊறினாலும் செங்கல் மறுபடி களிமண் ஆகாது. கீழடியிலும் சிந்துவெளியிலும் இரண்டாயிரம், நாலாயிரம் ஆண்டுகள் கழித்தும் நமக்குச் செங்கல் கிடைப்பதற்கு இதுதான் காரணம்.

செங்கற்களை இணைத்தது சுண்ணாம்புக் காரை. சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 900 டிகிரி சூட்டில் காளவாயில் சுட்டால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும். மிஞ்சும் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் அது கொதித்து நீற்றுச் சுண்ணாம்பு ஆகும். அதோடு மணல் சேர்த்துப் பூசிய பின், காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை அது மெல்ல மெல்லத் திரும்ப இழுத்துக்கொள்ளும். கடைசியில் மறுபடி சுண்ணாம்புக் கல்லாகவே மாறிவிடும். பழைய கட்டடங்களின் காரை வயது ஏற ஏற இறுகுவதன் ரகசியம் இந்த வேதிவினைதான்.

எல்லாவற்றையும்விட உறுதியானது கருங்கல். சேலம் மாவட்டத்து மலைகளின் பாறைகள் பூமியின் ஆழத்தில் பெரும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவானவை. அவற்றின் வயது பல நூறு கோடி ஆண்டுகள். அந்தக் கல்லுக்குத் தொண்ணூறு ஆண்டு ஊறல் ஒரு பொருட்டே இல்லை.

மரம் மட்டும் ஒரு விதிவிலக்கு. வெளியே கிடந்தால் கரையானும் பூஞ்சையும் தின்றுவிடும். ஆனால் நீரடிச் சேற்றுக்குள் புதைந்துவிட்டால், அங்கே ஆக்சிஜன் இல்லாததால் பூஞ்சையால் வாழ முடியாது. உலகின் பல ஏரிகளில் சேற்றுக்குள்ளிருந்து பல்லாயிரம் ஆண்டு பழைய மரத்தூண்களும் படகுகளும் கிடைத்திருப்பது இதனால்தான்.

செய்து பாருங்கள்

உங்களுக்குத் தேவை: வெயிலில் நன்றாகக் காய்ந்த ஒரு களிமண் உருண்டை, ஒரு உடைந்த செங்கல் துண்டு, இரண்டு கண்ணாடி டம்ளர், தண்ணீர், உப்பு.

முதல் டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் களிமண் உருண்டையை மெதுவாக இறக்குங்கள். குமிழிகள் வருவதையும், கொஞ்ச நேரத்தில் உருண்டை சரிவதையும் பாருங்கள். சரிய எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது டம்ளரில் செங்கல் துண்டைப் போடுங்கள். இங்கும் குமிழி வரும். செங்கல்லிலும் துளைகள் உண்டு. ஆனால் வடிவம் மாறாது.

அடுத்து, தண்ணீரில் உப்பை நிறையக் கரைத்து, செங்கல்லை ஒரு நாள் ஊற வையுங்கள். எடுத்து வெயிலில் காய வையுங்கள். மறுபடி ஊற வையுங்கள், மறுபடி காய வையுங்கள். பத்து நாள் இப்படிச் செய்தால் செங்கல்லின் மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும். சில இடங்களில் தூளாக உதிரவும் செய்யும். இந்தக் கடைசிச் சோதனையில்தான் மேட்டூர் நந்தியின் உண்மையான எதிரி யார் என்பது தெரியும்.

ஊறுவது ஆபத்தா, காய்வது ஆபத்தா?

எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும் கட்டடம் ஓரளவு பாதுகாப்பாகவே இருக்கும். எப்போதும் வறண்ட இடத்தில் இருப்பதும் அப்படியே. மாறி மாறி நனைந்து காய்வதுதான் கெடுதல்.

ஆற்று நீரில் சிறிதளவு உப்புகள் எப்போதும் கரைந்திருக்கும். கட்டடம் ஊறும்போது அவை செங்கல்லின் துளைகளுக்குள் போகின்றன. கோடையில் நீர்மட்டம் இறங்கிக் கட்டடம் காயும்போது தண்ணீர் மட்டும் ஆவியாகிவிடும். உப்பு துளைக்குள்ளேயே படிகமாகும். படிகம் வளர வளர இடம் தேடும். இடம் இல்லாதபோது துளையின் சுவரைத் தள்ளும். ஒவ்வோர் ஆண்டும் இப்படித் தள்ளினால் மேற்பரப்பு ஏடு ஏடாக உரிந்து வரும்.

இதோடு இன்னும் இரண்டு சேர்கின்றன. நீர்மட்டம் கோபுரத்தின் பாதியில் நிற்கும் நாட்களில் அலை ஒரே இடத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் விலகிய மாதங்களில் விரிசல்களில் செடி முளைத்து வேர் விடும். ஏறி இறங்கும் தண்ணீரைத் தாங்கி இந்தச் சின்னங்கள் இவ்வளவு காலம் நின்றிருப்பதே பெரிய காரியம். அவற்றை நாமும் ஏறி மிதித்தால் தாங்காது.

வண்டல் எழுதும் நாட்குறிப்பு

வேகமாக ஓடிவரும் காவிரி, நீர்த்தேக்கத்துக்குள் நுழைந்ததும் வேகம் குறைகிறது. வேகம் குறைந்த நீரால் எடையைத் தூக்கிச் செல்ல முடியாது. முதலில் மணல் கீழே விழும். நுண்ணிய களிமண் அணை வரைக்கும் மிதந்து வந்து மெதுவாகப் படியும். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒரு படிவு. அவை அடுக்கடுக்காகச் சேர்கின்றன. நாயம்பாடியின் தெருவும் வீட்டுத் தரைகளும் இந்த வண்டலுக்குக் கீழே மூடிக் கிடக்கும். தண்ணீர் விலகிய நிலத்தில் உழவர்கள் சோளமும் கடலையும் எள்ளும் போடுகிறார்களே, அந்த நிலத்துக்கு வளம் கொடுப்பதும் இதே வண்டல்தான்.

தண்ணீருக்குள் இருப்பதை ஆராய அறிஞர்கள் ஒலியைப் பயன்படுத்துவார்கள். படகிலிருந்து கீழே ஓர் ஒலித்துடிப்பை அனுப்பி, அது அடியில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பார்கள். தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். 15 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் ஒலி போய்த் திரும்ப 30 மீட்டர். அதற்கு ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் போதும். படகு நகர நகர அளந்துகொண்டே போனால், கண்ணுக்குத் தெரியாத நீரடி நிலத்தின் மேடு பள்ளம் முழுதும் படமாகக் கிடைத்துவிடும்.

காட்டுக்குள் மறைந்த நகரம்

மேட்டூரில் ஊர்களை மூடியது தண்ணீர். உலகின் மறுபக்கத்தில், நடு அமெரிக்காவில், நகரங்களை மூடியது காடு. அங்கே மாயர்கள் என்ற மக்கள் ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பெரிய நகரங்களைக் கட்டினார்கள். குவாத்தமாலா நாட்டில் உள்ள திக்கால் அவற்றில் ஒன்று. அங்குள்ள நான்காம் கோயில் சுமார் 65 மீட்டர் உயரம். கி.பி. 741-ஐ ஒட்டிக் கட்டப்பட்டது. நம்மைப் போலவே மாயர்களும் சுண்ணாம்புக் கல்லைச் சுட்டுக் காரை செய்தார்கள்.

திக்காலுக்குப் பக்கத்தில் ஆறு கிடையாது. ஆண்டில் நாலைந்து மாதம் மழையும் கிடையாது. அதனால் அவர்கள் மழை நீரைத் தேக்கினார்கள். அரண்மனை நீர்த்தேக்கத்துக்கு அவர்கள் கட்டிய அணை சுமார் 80 மீட்டர் நீளம், 10 மீட்டர் உயரம். இன்னொரு நீர்த்தேக்கத்தில் சியோலைட் என்ற கனிமத்தையும் குவார்ட்சு மணலையும் கொண்டு தண்ணீரை வடிகட்டியதற்கான தடயம் கிடைத்ததாக 2020-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். சியோலைட் கிருமிகளையும் மாசுகளையும் பிடித்துவைக்கும். இன்றும் நீர்வடிகட்டிகளில் அதைப் பயன்படுத்துகிறோம்.

இவ்வளவு கெட்டிக்காரர்களின் நகரம் ஏன் காலியானது? ஒரு காரணம் மட்டும் இல்லை. போர்கள் இருந்தன, ஆட்சிக் குழப்பம் இருந்தது. அவற்றோடு கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் நீண்ட வறட்சிகளும் வந்தன. அந்த வறட்சியைக் கண்டுபிடிக்க உதவியது வண்டல்தான். மெக்சிகோவில் சிச்சன்கனாப் என்ற ஏரியின் அடிச்சேற்றை ஆய்வாளர்கள் குழாய் இறக்கி எடுத்தார்கள். ஏரி வற்றும்போது தண்ணீரில் கரைந்திருந்த ஜிப்சம் படிந்துவிடும். மாயர் நகரங்கள் தளர்ந்த காலத்து அடுக்கில் அந்த ஜிப்சம் மிகுதியாக இருந்தது. 1995-ல் இந்த முடிவு வெளியானது. திக்காலில் தேதி பொறித்த கடைசிக் கல் கி.பி. 869-ஐச் சேர்ந்தது. அதற்குப் பின் நூறு ஆண்டுகளில் மக்கள் போய்விட்டார்கள், மரங்கள் வந்துவிட்டன.

அந்தக் காட்டின் மேல் இப்போது விமானத்திலிருந்து லைடார் என்ற லேசர் கருவியால் அளக்கிறார்கள். லட்சக்கணக்கான ஒளித்துடிப்புகளில் சில இலை இடுக்கு வழியே தரையைத் தொட்டுத் திரும்பும். அவற்றை மட்டும் எடுத்துக் கணக்கிட்டால் மரமே இல்லாத தரை கிடைக்கும். குவாத்தமாலாவின் வடக்கே சுமார் 2,100 சதுர கிலோமீட்டர் பரப்பை இப்படி அளந்தபோது 60,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களும் சாலைகளும் வாய்க்கால்களும் தெரியவந்தன. 2018-ல் இது அறிவிக்கப்பட்டது.

மேட்டூரைப் போன்ற இடமும் அந்தப் பக்கத்தில் உண்டு. மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் கிரிஹால்வா ஆற்றில் 1960-களில் ஓர் அணை கட்டினார்கள். 16-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று அதில் மூழ்கியது. 2015-ல் வறட்சியால் தண்ணீர் இறங்கியதும் அதன் சுவர்கள் வெளியே வந்தன. அங்குள்ள மீனவர்கள் மக்களைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய்க் காட்டினார்கள்.

எழுதி வைத்தால் நிற்கும்

மாயர்கள் கல்லில் தங்கள் வரலாற்றைப் பொறித்தார்கள். ஆனால் அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் ஒரு காலத்தில் இல்லாமல் போனார்கள். 1952-ல் யூரி க்னோரோசோவ் என்ற ரஷ்ய அறிஞர் வழி காட்டிய பிறகே அது மெல்ல மெல்லப் படிக்கப்பட்டது. நடுவே பல நூற்றாண்டுகள் வீணாகிவிட்டன.

நம் பக்கத்தில் எழுதி வைத்தவர் ஒருவர் உண்டு. திப்பு சுல்தான் 1799-ல் வீழ்ந்த பின், பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர் ஊர் ஊராகப் போய்ப் பயிர், மண், தொழில், கதை எல்லாவற்றையும் விசாரித்து எழுதினார். 1800-ல் அவர் நம் காவிரிக் கரையில் உள்ள காவேரிபுரம் வழியாகவும் வந்தார். அங்கிருந்த கோட்டையை, இப்பகுதியை ஆண்ட கட்டி முதலி கட்டியதாக ஊரார் சொன்னதையும் குறித்துக்கொண்டார். தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலால் சேலத்துப் பிள்ளைகள் அறிந்த அதே கட்டி முதலிகள்தான். அணை வருவதற்கு 134 ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரை எப்படி இருந்தது என்று இன்று தெரிந்துகொள்ள முடிகிறது என்றால், ஒருவர் கேட்டார், எழுதினார் என்பதால்தான்.

மூழ்கிய ஊர்களைப் பற்றிய நினைவு இன்னும் முழுதாக அழிந்துவிடவில்லை. அங்கிருந்து வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் மேட்டூர், கொளத்தூர் பக்கம் இருக்கிறார்கள். உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். உங்கள் அப்பாரு, அப்பத்தா, அம்மாயியிடம் கேளுங்கள். கோயில் திருவிழா எந்த மாதம்? ஆற்றைக் கடக்க எந்தத் துறை? கிணறு எங்கே, சந்தை எங்கே? சொல்வதை அப்படியே ஒரு நோட்டில் எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். அவர்கள் நினைவிலிருந்து ஊரின் வரைபடம் ஒன்றும் வரையுங்கள். உங்கள் பள்ளி நூலகத்தில் ஒரு பிரதியை வையுங்கள்.

நந்தியைப் பார்க்கப் போனால் பெரியவர்களோடு போங்கள். தண்ணீர் வடிந்த சேறு மேலே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே இழுக்கும். சிலைமேல் ஏறாதீர்கள், பெயர் கிறுக்காதீர்கள், ஒரு ஓட்டுத் துண்டைக்கூட எடுத்து வராதீர்கள். கிடக்கும் இடத்தில் கிடந்தால்தான் அது ஆய்வாளர்களுக்குச் சான்று. வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் வெறும் ஓடு. பார்த்ததை வரையுங்கள், படம் எடுங்கள், அன்றைய நீர்மட்டம் எத்தனை அடி என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். தொல்லியல் அறிஞர் செய்வதும் இதே வேலைதான். அதை இந்தக் கோடையிலேயே நீங்களும் தொடங்கலாம்.